இடப்பக்கம் போகும் அக்கா

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது என் அம்மாவின் சாவு வீட்டில். அங்கே கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் சொன்னது, "அது நான் இடிச்சது."

விஷயம் இதுதான். அம்மாவைக் குளிப்பாட்டும்போது அவள் வலது இடுப்பில் ஒரு கன்றிப்போன தடம் இருந்திருக்கிறது. நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள். குளிப்பாட்டிய பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா, பெக்கான் நானாஸில் இருப்பவர். ஒன்றைப் பார்த்துவிட்டால் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கூடாரத்தில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. வீட்டில் இருந்தது அம்மாவும் நானும் மட்டும். நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியில் வேலை செய்கிறவன். என் கையைப் பார்த்தார்கள், பிறகு அம்மா படுத்திருந்த பெட்டியைப் பார்த்தார்கள். எங்கள் ஊர் ரெங்கத்தில் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். காப்பி குடித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

அம்மா என்னிடம் சொல்லியிருந்தது, "கேன்டீன் மேச இடிச்சிருச்சுடா." அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் குளுவாங்கில் தேவார வகுப்பு என்று கிளம்பிப் போவாள். திங்கட்கிழமை இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்வாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூளை போதவில்லை. ஒரு தேவாரம் பாடிக் காட்டு என்று கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். ஒரு வருஷமாக ஒருத்திக்குத் தொண்டை சரியில்லாமல் இருக்குமா என்றும் நான் யோசிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பள்ளி வேன் வாசலில் வந்து நின்றது. கதவை இழுத்துத் திறந்துகொண்டு பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். எல்லாரும் கால்சட்டைக்கு மேல் பருத்திச் சேலையை முழங்கால் வரை தூக்கிக் கட்டியிருந்தார்கள். சாவு வீட்டுக்கு யாரும் அப்படி வர மாட்டார்கள். எந்த வீட்டுக்குமே யாரும் அப்படி வர மாட்டார்கள். வண்டி ஓட்டிவந்தவர் முன்னால் வந்தார். அகலமான ஆள், தலையில் குளிர்கண்ணாடி. அவர்தான் அக்கா.

"யாரும்மா நீங்கள்லாம்?" என்றார் பெரியம்மா.

"நாங்க டான்ஸ் கிளாஸ்." பெட்டியைக் காட்டினார். "இவங்க எங்க செட்டு."

"என்னா டான்ஸு?"

"பரதநாட்டியம் லா."

கூடாரமே காப்பியைக் கீழே வைத்தது.

"எந்தங்கச்சி தேவாரம்ல படிச்சா?"

"அப்பிடித்தான் வீட்டுல சொல்லியிருந்தாங்க" என்றார் அக்கா. அதற்குள் வாசலில் நின்ற ஒரு பாட்டி இடுப்புக் காயத்தைப் பற்றி அவர் காதில் ஊதிவிட்டது போல. அக்கா திரும்பி எல்லாரையும் பார்த்தார். "காயமா? அது நான் இடிச்சது. எல்லாரும் வலது பக்கம் போனா நான் எடது பக்கம் போவேன். எனக்கு எடது பக்கம் நிக்கிறது இவங்க. போன ஞாயித்துக்கெழம கொஞ்சம் பலமா இடிச்சிட்டேன். பையன ஏன் பாக்கறீங்க? இங்க பாருங்க, இடிச்சது இதுதான்." தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அந்த இடுப்பைப் பார்த்த பிறகு யாரும் சாட்சி கேட்கவில்லை.

அப்புறம் பெட்டியருகே போய் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். "இந்தக் காலப் பாத்துத்தான் நாங்க அத்தன பேரும் ஆடுவோம்" என்று அம்மாவிடம் சண்டை போடுகிற குரலில் சொன்னார். "இனிமே எதப் பாக்கறது? சொல்லு."

அக்கா மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தார்.

எல்லாருக்கும் உடம்பில் வெட்கம் என்று ஒன்று எங்கேயாவது இருக்கும். அக்காவுக்கு அதை வைக்க மறந்துவிட்டார்கள். அவர் எதற்கும் சொல்வது ஒன்றுதான்: "பாத்தா பாத்துட்டுப் போறாங்க." சமிக்ஞை விளக்கு சிவப்பில் நின்றால் ஸ்டீரிங்கை விட்டுவிட்டுக் கையால் முத்திரை பிடித்துப் பார்ப்பார். பக்கத்துக் காரில் இருக்கிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று கண்ணாடியை இறக்குவார்கள். அக்கா அவர்களுக்கும் ஒரு மான் முத்திரை காட்டிவிட்டுப் போவார்.

எல்லாருக்கும் அவர் அக்காதான். என் அம்மாவுக்கு அக்கா, எனக்கு அக்கா, வேனில் ஏறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அக்கா. ஒரு தடவை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "இன்னொரு வாட்டி அப்பிடிக் கூப்ட்டா எறங்கி நடந்து வா" என்றார். அப்போது வேன் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் போன் செய்தார். "தம்பி, உங்கம்மா டான்ஸு சேல என் வேன்லதான் கெடக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனா நீ பாத்துருவேன்னு இங்கயே வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கெழம கிளாஸுக்கு வந்து எடுத்துக்க."

"நீங்களே கொண்டாந்து குடுங்களேன் அக்கா."

"எனக்கு வேற வேல இல்ல பாரு."

போனேன். வகுப்பு நடந்தது குளுவாங்கில் ஒரு டயர் கடையின் மாடியில். படியேறும்போதே ரப்பர் வாசனை, மேலே போனால் ஊதுபத்தி வாசனை. டீச்சருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் அதிகம் இருக்கும். வாரநாளில் வங்கியில் வேலை. அம்மா வயதுப் பெண்கள் அந்தப் பெண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். முழங்காலை விரித்துப் பாதி உட்கார்கிற அரைமண்டியில் எல்லாரும் இறங்கும்போது முட்டிகள் வரிசையாக வெடித்தன. அக்காவின் முட்டிதான் பெரிய சத்தம். கீழே இருந்த கடை முதலாளி தவுக்கே ஒரு நாள் தன் கடை டயர்தான் வெடித்துவிட்டது என்று வெளியே ஓடிவந்து பார்த்தாராம்.

நான் சேலைப் பையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"எங்க போற?" என்றார் அக்கா. "அங்க நில்லு."

இரண்டாவது வரிசை, இடது ஓரம். ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"அக்கா, எனக்கு ஆடத் தெரியாது."

"ஆடச் சொன்னேனா? அங்க ஆள் இல்லாம மூணு வாரமா நான் போய் செவுத்துல முட்டறேன். தூண் மாரி நில்லு. போதும்."

மொட்டைத் தலையோடு, வேலைக்குப் போடுகிற டிசட்டையோடு, அம்மாவின் சேலைப் பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தூணாக நின்றேன். டீச்சர் கட்டையைத் தட்டி "தைய்யா தை" என்றார். வரிசை முழுக்க வலது பக்கம் போனது. அக்கா மட்டும் இடது பக்கம் வந்தார். லோரியில் பழுத்த குலை சரிந்து மேலே விழுந்திருக்கிறது. அதுகூட இப்படி இடித்ததில்லை.

"ரைட்டு அக்கா, ரைட்டு" என்றார் டீச்சர்.

"ரைட்டுத்தான் போனேன் டீச்சர்."

"அது லெஃப்டு."

"உங்களுக்கு. நீங்க எதுத்தாப்ல நிக்கிறீங்க."

டீச்சர் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆடினார். அப்போதும் அக்கா இடது பக்கம்தான் வந்தார். "நா வேன் ஓட்டறவ டீச்சர். வாழ்நாள் முழுக்க கண்ணாடியப் பாத்தே பழகிட்டேன். எல்லாம் திருப்பித்தான் தெரியும்" என்றார். தப்பு செய்தவர் முகம் அவருக்கு வரவே வராது. என்னமோ நாங்கள் எல்லாரும் சேர்ந்து தப்பான பக்கம் போன மாதிரிதான் எங்களைப் பார்ப்பார்.

மறுநாள் காலையில் லோரியில் ஏறும்போது வலித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வலது இடுப்பு. நடுவில் ஊதா.

டிரைவர், "என்னடா, அடிதடியா?" என்றார்.

"டான்ஸு" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் ஞாயிறு மத்தியானம் ரொம்ப நீளமாக இருந்தது. தூணாக நிற்கும்போது கால் தானாகத் தாளம் தட்டியது. அக்கா கீழே பார்த்தார். "டேய், இது உங்கம்மா காலு" என்றார். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களும் தலையைத் திருப்பி என் காலைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு எங்கிருந்து அந்தத் தாளம் வந்தது என்று யோசித்தேன். அவள் கேன்டீனில் வெங்காயம் நறுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது ஒருநாளும் பிசகியதில்லை.

அம்மாவை வகுப்பில் சேர்த்துவிட்டதும் அக்காதான். பள்ளி விடுவதற்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு வாசலில் நின்று அரைமண்டி பழகுவாராம். அங்கே பாதுகாவலராக இருந்த மலாய்க்கார பாக்சிக், வயிற்று வலியா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம். அக்கா அவருக்கும் அரைமண்டி சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்திருந்ததைக் கேன்டீன் சன்னல் வழியாகப் பார்த்து அம்மா சிரித்திருக்கிறாள். "சிரிக்கிறியா? வா, வந்து உக்காந்து பாரு" என்று அக்கா கூப்பிட்டிருக்கிறார்.

"வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க வந்துச்சு? அய்யோ அக்கா, ஊரு சிரிக்கும், எம்மவன் சிரிப்பான்னு ஒரே பொலம்பல். பாத்தா பாத்துட்டுப் போறாங்கன்னேன். கடசில தேவாரம்னு சொல்லிட்டு வந்துச்சு."

நான் சிரித்திருப்பேன்தான். இந்தக் கூட்டத்தைப் பார்த்து சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்.

நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் டீச்சரின் பிள்ளைகள் ஆடுவது வழக்கம். அந்த வருஷம் பெரியவர்கள் வகுப்பும் ஆடுவதாக, அம்மா இருக்கும்போதே முடிவாகியிருந்தது. பிள்ளையார் மேல் ஒரு சின்னப் பாட்டு. அம்மா அதை அந்த நாளுக்காகத்தான் பழகினாள். வாராவாரம் போனதில் எனக்கும் முழுப் பாட்டும் காலுக்கு வந்துவிட்டது. நவராத்திரிக்குக் கொஞ்சநாள் இருக்கும்போது கோயில் செயலாளர் வகுப்புக்கு வந்தார். கெட்டவர் இல்லை. அம்மா காரியத்துக்கு நாற்காலிகள் அனுப்பிவைத்தவர்.

"டீச்சர், எல்லாரும் ஆடுங்க, சந்தோஷம். இந்தத் தம்பி மட்டும் வேணாம். தாய்க்குக் கொள்ளி வச்ச பிள்ள. வருசம் திரும்பல. கோயிலுக்குள்ள வந்தா நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"சரிங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது. காரியங்களை எல்லாம் ஐயர் சொன்னபடி செய்து முடித்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் நான் செய்ய ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அவள் ஆடாமல் விட்டதை அவள் இடத்தில் நின்று ஆடி முடிக்க வேண்டும்.

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணே, கோயிலு எதுவரைக்கும்?"

"எதுவரைக்கும்னா?"

"எல்ல. எங்க முடியுது?"

"மண்டபத்துக்கு ஓரமா லோங்காங் ஓடுதுல்ல, அந்தச் சாக்கட, அதுவரைக்கும். அந்தப் பக்கம் நகராண்மைக் கழகத்து எடம், காரு நிறுத்தறது."

"அங்க யாரு நின்னாலும் நீங்க கேக்க மாட்டீங்க?"

"அங்க மாடு நின்னாலும் நான் கேக்க முடியாதும்மா."

"சரிண்ணே. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் படியிறங்கியதும் அக்கா டீச்சரிடம் திரும்பினார். "ரெண்டாவது வரிசைய எடது பக்கமா தள்ளிருங்க டீச்சர். தம்பி எடம் லோங்காங்குக்கு அந்தப் பக்கம் விழணும்."

டீச்சர் தலையில் கைவைத்தார். "அக்கா, மண்டபம் தெறந்த மண்டபம், அது சரி. ஆனா அப்ப லோங்காங் ஓரத்துல நிக்கிறது நீங்க. நீங்க எடது பக்கம் போனா என்னா ஆகும்?"

"ஏன் போறேன்? அன்னிக்கு ரைட்டு போறேன்."

அதற்காக வலது கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வகுப்பில் ரிப்பன் இடது கையில் இருந்தது. காலையில் கண்ணாடி பார்த்துக் கட்டினாராம்.

நவராத்திரி நாளும் வந்தது. மண்டபத்தில் நல்ல கூட்டம். பெரியம்மா பெக்கான் நானாஸிலிருந்து வந்து முன்வரிசையில் வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் மினுமினுப்பாக ஆடி முடித்தார்கள். பிறகு எங்கள் முறை. பெண்கள் மண்டபத்துக்குள் நின்றார்கள். நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு லோங்காங்குக்கு அந்தப் பக்கம் தார்த் தரையில், இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போக வந்த ஆள் என்னைப் பார்த்தார். எடுக்கவில்லை. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் லோங்காங், கறுப்புத் தண்ணீர், ஓர் எட்டு அகலம்.

பாட்டு தொடங்கியது. டீச்சர் கட்டையைத் தட்டினார். எல்லாரும் வலது பக்கம் போனோம்.

அக்கா இடது பக்கம் வந்தார். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு லோங்காங்கை ஒரே எட்டில் தாண்டி, தார்த் தரையில் கால் ஊன்றி, என் இடுப்பில் சரியாக இடித்தார். அடுத்த அடிக்கு நாங்கள் எல்லாரும் இடது பக்கம் போனோம். அக்கா வலது பக்கம் தாண்டிக் கோயிலுக்குள் போனார். மறுபடியும் வந்தார். இடித்தார். போனார். என் தீட்டு அவரோடு லோங்காங்கைத் தாண்டிக் கோயிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். லோங்காங்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எல்லைக்கு வெளியேதான் இருந்தேன், அவர் சொன்ன மாடு மாதிரி. ஐயரைப் பார்த்தார். ஐயர் மண்டபத்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் மெதுவாக உட்கார்ந்தார்.

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிக் கால் ஒரு கணம் தடுமாறியது. வரிசையில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. லோங்காங்குக்கு அப்பாலிருந்து அத்தனை பேரும் என் காலையே பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றால் அத்தனை பேரும் நிற்பார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் இதைத்தான் சுமந்திருக்கிறாள். காலை ஓங்கித் தட்டினேன். சிரித்தவர்கள் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மோட்டார்மேல் இருந்தவரும் தட்டினார். என் கண் எரிந்தது. கண்மை போட்டிருந்தார்கள், அதுவாகத்தான் இருக்கும்.

கடைசி அடியில் அக்கா எட்டு வைத்தது கொஞ்சம் குறைந்துவிட்டது. ஒரு கால் தார்த் தரையில், இன்னொரு கால் முழங்கால்வரை லோங்காங்கில். பாட்டு முடிந்தது. அக்கா லோங்காங்கில் நின்றபடியே தலைக்குமேல் கையைக் கூப்பி, நேராகக் கூட்டத்தைப் பார்த்து, சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். பல்லுக்கு நடுவிலிருந்து, "பாத்தா பாத்துட்டுப் போறாங்க. கையக் குடுடா" என்றார்.

நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தூக்கினோம். பெரியம்மா ஒரு வாளித் தண்ணீரோடு ஓரத்துக்கு வந்து நின்றார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எந்தங்கச்சியும் இப்பிடித்தான் ஆடுவாளா?" என்று கேட்டார்.

"இவனவிட நல்லா" என்றார் அக்கா. "காலு சுத்தமா விழும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க பேசுவீங்கன்னு பயந்துச்சு."

பெரியம்மா வாளியைக் கீழே வைத்தார். "பேசியிருப்பேன்தான்" என்றார். பிறகு குனிந்து அக்காவின் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். அக்கா கூச்சப்படாமல் காலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

வேனில் திரும்பும்போது கேட்டேன். "அக்கா, வேணும்னுதானே அந்தப் பக்கம் வந்தீங்க?"

"என்னா வேணும்னு? நான் ரைட்டுத்தான் போனேன். நீங்கள்லாம்தான் தப்பு."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு ரிப்பன் எந்தக் கையில் இருந்தது என்று பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அக்கா வேனை விற்றுவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே எந்த வகுப்பின் வரிசையில், யார் இடுப்பைப் பதம் பார்க்கிறாரோ. எனக்கு வருஷம் திரும்பிவிட்டது. இப்போது நானும் மண்டபத்துக்குள்ளேயே ஆடலாம். அக்கா இடத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நிற்கிறார். நல்ல மாணவி. டீச்சர் ரைட்டு என்றால் ரைட்டு போகிறார். என்மேல் விரல்கூடப் பட்டதில்லை.

என் இடுப்பில் ஊதா மஞ்சளாகி, மஞ்சளும் போய்விட்டது. ஆனாலும் டீச்சர் கட்டையை ஓங்கும்போது நான் வலது இடுப்பை இறுக்கிக்கொள்கிறேன். அடி விழுவதில்லை. தாளம் மட்டும் விழுகிறது.